முப்பது கரணையும் ஒரு கூடை வண்டலும்

இப்போதும் யாராவது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, தலையைத் தூக்காமலே "நாளைக்கு வா" என்றால் எனக்குக் காது சூடாகிவிடும். வயது எழுபதைத் தாண்டியாயிற்று. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுகிறேன். மாத்திரைக்கு எல்லாம் அடங்குகிறது, இது மட்டும் அடங்குவதில்லை. எங்கே பற்றிக்கொண்ட சூடு இது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஆபீசில், முப்பது துண்டுக் கரும்புக்காக நான் அலைந்த அலைச்சலில் பற்றியது.

அப்போது பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் வழியில் சர்க்கார் கரும்புப் பரிசோதனைப் பண்ணை ஒன்று இருந்தது. பண்ணை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு ஏக்கர் நிலம், மாடு கட்டி இறைக்கும் ஒரு கவலைக் கிணறு, ஓடு போட்ட ஓர் அறை. அந்த அறையில் பண்ணை சூப்பிரண்டு உட்கார்ந்திருப்பார். வெயிலில் நான் நின்றிருப்பேன். எனக்குப் பீல்ட்மேன் வேலை. கரும்பின் உயரம் அளப்பது, கணு எண்ணுவது, நோய் கண்ட கரும்புக் குத்தைக் குறித்து வைப்பது. எங்கள் குடும்பம் சேக்காட்டுச் சேரியில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நட்டு அறுத்த குடும்பம். நான் மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, வரை எப்படியோ படித்துவிட்டதால் என் கையில் மட்டும் அரிவாளுக்குப் பதில் பென்சில். என் மனைவி அதே பண்ணையில் கூலிக்கு நட்டுக்கொண்டிருந்தாள். நான் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வரப்பில் நடந்தால், "கலெக்டர் வராரு, வழி விடுங்கடி" என்று மற்றப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்துக் கரும்பில் செவ்வழுகல் புகுந்துவிட்டது. வெளியே பார்த்தால் கரும்பு பச்சையாக நிற்கும். பிளந்தால் உள்ளே ரத்தச் சிவப்பு, புளித்த நாற்றம். இரண்டு பட்டம் நட்டு இரண்டும் பாழ். நோய் தாங்கும் கரும்பை இந்தப் பட்டத்திலாவது நட்டுக் காட்டாவிட்டால் பண்ணையை மூடிவிடப் போவதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மூடினால் சூப்பிரண்டுக்கு வேறு ஊருக்கு மாற்றல் கிடைக்கும். எனக்கும் என் மனைவிக்கும், எங்களோடு இருந்த பதினாலு பேருக்கும் என்ன கிடைக்கும்? யார் நிலத்திலிருந்து தலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோமோ, அவர்கள் வாசலிலேயே திரும்பப் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். சாவதே மேல் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

சூப்பிரண்டு நல்லவர், ஆனால் பயந்த சுபாவம். தபால்காரர் வந்தாலே எழுந்து நிற்பார். அப்படிப்பட்டவர் எப்படியோ தைரியம் பண்ணி ஜாவாவுக்கு எழுதினார். அங்கே செவ்வழுகலைத் தாங்கி நிற்கும் கரும்பு ஒன்று இருந்தது. அவர்கள் முப்பது விதைக் கரணை வெட்டி, கரித்தூளில் புதைத்து, ஒரு மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பினார்கள். ஒரு கரணைக்கு மூன்று கணு, கணுவுக்கு ஒரு பரு. பரு உயிரோடு இருந்தால்தான் முளைக்கும். வெட்டின கரணைக்கு ஆயுசு கொஞ்ச நாள்தான், அதில் பாதியைக் கடலே தின்றுவிட்டது. மாசிக் கடைசியில் கப்பல் வந்து சேர்ந்தது. பங்குனி தாண்டினால் வெயில் நட விடாது. பெட்டியை வாங்கி வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்.

போனேன், வாங்கினேன், வந்தேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். என் முட்டாள்தனம்.

வெளிநாட்டுச் செடிகொடியோடு பூச்சியும் நோயும் வந்துவிடக்கூடாது என்று ஒரு சட்டம். அதற்கு ஓர் ஆபீஸ். துறைமுகத்துக் கூலிகள் அதற்குப் பூச்சி ஆபீஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். வருகிற செடியை அங்கே பார்த்து, விஷப் புகை போட்டு, பிறகுதான் வெளியே விடுவார்கள். சட்டத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நோய் வந்த கரும்பைப் பிளந்து பார்த்தவனுக்கு அந்தச் சட்டத்தின் அருமை தெரியும். சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த தலைமைக் குமாஸ்தாதான் என் தலைவிதி.

அவர் காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"பர்மிட்ல கட்டு ஒண்ணுன்னு இருக்கு. வந்திருக்கிறது பெட்டி. கட்டு எங்கே?"

"பெட்டிக்குள்ளதான் சார் கட்டி வெச்சிருக்காங்க."

"அப்போ பெட்டி ஒண்ணு, கட்டு ஒண்ணு. ஆக ரெண்டு. ரெண்டுக்குப் பர்மிட் எங்கே?"

விளையாடுகிறார் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பர்மிட்டில் திருத்தம் வாங்க மேலிடத்துக்கு எழுத வேண்டும், பதில் வரும்வரை பெட்டி கிடங்கிலேயே இருக்கும் என்றார். "எப்ப சார் வரட்டும்?" என்று கேட்டேன். "நாளைக்கு வா" என்றார்.

தினமும் ஆவடியில் ரயிலேறுவேன். சென்ட்ரலில் இறங்கித் துறைமுகத்துக்கு நடப்பேன். பெஞ்சில் உட்காரக்கூடாது, அது கப்பல் கம்பெனிக்காரர்களுக்கு. சுவரோரம் நிற்பேன். நாளைக்கு வா. திரும்ப நடப்பேன். கிடங்குக் காவல்காரர் ஒருவர் மட்டும் என்மேல் இரக்கப்பட்டார். ஐந்தாம் நாள் அவரே கேட்டார்.

"இன்னா நைனா, ஒன் கரும்பு இன்னும் ஊட்டுக்குப் போவலியா?"

"போவல அண்ணாத்தே. உள்ள காஞ்சிகினு கீதோ இன்னாவோ, தெரியல. ஒரு தபா தொறந்து தண்ணி தெளிச்சிட்டுப் போவட்டா?"

"புள்ளைக்குப் பால் குடுக்கற மாதிரி இல்ல கேக்குறே! போ, போ. குமாஸ்தா சாப்புட்டுக்கினு கீறாரு. சீக்கிரம் வா."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். கரணையின் இரண்டு வெட்டுவாயும் காய்ந்து, ஓரம் பழுப்பேறியிருந்தது. பருக்கள் இன்னும் உயிரோடுதான் இருந்தன. தொட்டால் தெரியும். உயிருள்ள பரு விரலில் லேசாக எதிர்த்து நிற்கும். ஆனால் வெட்டுவாய் வழியாக ஈரமெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வெட்டின கரணையை உடனே நட முடியாமல் போனால், ஏரி வண்டலைக் குழைத்து வெட்டுவாயில் கனமாகப் பூசிவிடுவோம். ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பத்து நாளாவது கூடுதலாகத் தாங்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. கரும்பு வெட்டுகிற கை தானாகச் செய்யும். மறுநாள் விடிந்ததும் நானும் என் மனைவியும் சேக்காட்டு ஏரியில் இறங்கி, தண்ணீர் வற்றின ஓரத்தில் வண்டல் எடுத்தோம்.

"எனக்குத் தலைக்கு எண்ணெ வாங்கிக் குடுக்க ஒனக்கு நேரமில்ல. சீமைக் கரும்புக்குச் சந்தனம் பூசப் போறியா மாமா?" என்றாள்.

"மொளச்சி வரட்டும். ஒனக்கும் பூசுறேன்" என்றேன்.

கிடங்கில் உட்கார்ந்து முப்பது கரணைக்கும், அறுபது வாய்க்கும், வண்டல் பூசினேன். காவல்காரர் நின்று வேடிக்கை பார்த்தார். அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாட்டுக்கூடப் பாடினேன்.

ஒன்பதாம் நாள் திருத்தின பர்மிட் வந்தது. குமாஸ்தா கிடங்குக்கு வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே பார்த்தார். முதன்முதலாக அவர் முகத்தில் ஓர் ஒளியைக் கண்டேன்.

"மண்ணு!" என்றார். "மண் ஒட்டின செடி எதையும் உள்ளே விடக்கூடாது. சட்டத்துல தெளிவா இருக்கு. இது எரிக்க வேண்டிய சரக்கு."

மண்ணில் புழுவும் நோய்க் கிருமியும் இருக்கும், அதனால் அந்நிய மண்ணோடு வரும் செடியைக் கொளுத்திவிட வேண்டும் என்பது விதி. எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் பூசியிருப்பேனா என்று கேட்டால், அதுவும் தெரியாது. பூசாமல் விட்டிருந்தால் கரணை செத்திருக்கும். பூசினதால் கொளுத்தப் போகிறார்கள்.

"சார், அது ஜாவா மண்ணு இல்ல. எங்க ஊரு மண்ணு. நான்தான் பூசினேன்."

"நீ சொல்றே."

"ஆமா சார், நான்தான் சொல்றேன்."

"நீ சொன்னா ஆச்சா? மரியாதைப்பட்ட மனுஷன் யாராவது எழுதிக் கொடுக்கட்டும், இது இன்ன ஊர் மண்ணுன்னு. இல்லேன்னா எரிக்க மேலிடத்து உத்தரவு கேட்டு நான் எழுதியாகணும்."

மரியாதைப்பட்ட மனுஷன். அந்த வார்த்தையை ரயில் முழுக்க மென்றுகொண்டு வந்தேன். எங்கள் ஊர் கிராம முன்சீப்பிடம் போனேன். வாசலுக்கு வெளியே நின்றே விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜமாபந்திக்கு, வருஷாந்திர வரித் தணிக்கைக்கு, கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நீ தோண்டினதை நான் பார்க்கவில்லையே, பார்க்காததற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார். வந்து பாருங்கள், தோண்டின குழி அப்படியே இருக்கிறது என்றேன். ஜமாபந்தி முடியட்டும் என்றார். ஜமாபந்தி முடிய இரண்டு மாதம் ஆகும். அதற்குள் கரணை விறகாகிவிடும்.

சூப்பிரண்டிடம் போய் நின்றேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "யாரைக் கேட்டு மண்ணைப் பூசினே?" என்றார். "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துடு. அறியாமல் செய்தேன்னு எழுது. பெட்டி போனாலும் நம்ம தலை தப்பும்."

"அறியாம செய்யல ஐயா. தெரிஞ்சிதான் செஞ்சேன்" என்றேன். "பூசலன்னா அஞ்சு நாளைக்கு முன்னாலயே செத்திருக்கும். எழுத மாட்டேன்."

அதற்கு முன் யாரிடமும் நான் அப்படிப் பேசியதில்லை.  அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் எனக்கு எதுவும் மிச்சமில்லை, கோபத்தைத் தவிர. பதினாறாம் நாள் காலையில் அதே குழியில் இறங்கி ஒரு கூடை வண்டல் வெட்டினேன். ஈரம் சொட்டச் சொட்டத் தலையில் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன். ரயில் பெட்டியில் இருந்தவர்கள் விலகி உட்கார்ந்தார்கள். நல்லதாகப் போயிற்று, எனக்கு இடம் கிடைத்தது. கிடங்கில் காவல்காரரிடம் ஒரே ஒரு கரணையைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். "கொண்டாந்து வெச்சிடு நைனா. என் பொழப்புல மண்ணப் போட்டுறாத" என்று எடுத்துக் கொடுத்தார்.

குமாஸ்தா மேஜைக்குப் பின்னால் ஒரு கதவு உண்டு. அதற்குள்ளே பெரிய ஆபீசர் இருப்பதாகச் சொல்வார்கள். பதினாறு நாளில் நான் அவரைப் பார்த்ததே இல்லை. குமாஸ்தா "ஏய், ஏய்" என்று எழுந்திருப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உள்ளே கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், வெள்ளைக்காரர் இல்லை, நம் நாட்டுக்காரர்தான், ஊசியில் குத்தின ஒரு வண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேஜைமேல் விரித்திருந்த மையொற்றுத் தாளில் கூடையைக் கவிழ்த்தேன். பக்கத்தில் கரணையை வைத்தேன்.

"இது எங்க சேக்காட்டு ஏரி மண்ணு ஐயா. இந்தக் கரணையில இருக்கறதும் அதே மண்ணு. மரியாதைப்பட்டவங்க யாரும் எழுதித் தர மாட்டேங்கறாங்க. அதனால மண்ணையே கொண்டாந்துட்டேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க. வேற மண்ணுன்னா கரும்பையும் கொளுத்துங்க, என்னையும் சேத்துக் கொளுத்துங்க."

பின்னாலேயே வந்த குமாஸ்தா என் தோளைப் பிடித்தார். ஆபீசர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.  ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து மேஜை மண்ணைக் கிளறிப் பார்த்தார். பிறகு கரணை மண்ணைக் குச்சியால் சுரண்டிப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. 

"இங்கே வா, பார்" என்று பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

கடுகு அளவில் வெள்ளை வெள்ளையாக ஊமச்சி நத்தைக் குஞ்சுகளின் ஓடுகள். மேஜைமேல் இருந்த மண்ணிலும் அதே ஓடு, கரணையில் இருந்த மண்ணிலும் அதே ஓடு. பிறந்ததிலிருந்து அந்த ஏரியில் குளித்தவன் நான், ஊமச்சி பிடித்துத் தின்றவன், இதைப் பார்த்ததில்லை.

"நம்ம ஏரிகள்ல இருக்கிறதுதான்" என்று அவர் குமாஸ்தாவைப் பார்த்துச் சொன்னார். "இந்த பைல் ஏன் என்கிட்ட வரலை?"

"சர்ட்டிபிகேட் வரலை சார். அது வந்ததும் வைக்கலாம்னு..."

"எரிக்க எழுதியாச்சா?"

"போன வாரமே எழுதியாச்சு சார்."

"அந்தப் பதில் வரும்போது வரட்டும். மண்ணைக் கழுவி, நுனியை நறுக்கி, புகை போட்டு இன்னிக்கே அனுப்பு." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் மண் எனக்கு வேணும். அள்ளிக்கிட்டுப் போயிடாதே" என்றார்.

அன்று சாயங்காலம் பெட்டி என் தலைமேல் இருந்தது. புகை போட்டதில் கரணைகளில் ஒரு மாதிரி கசந்த வாடை அடித்தது. மறுநாளே நட்டோம். என் மனைவிதான் நட்டாள், பருவைப் பக்கவாட்டில் வைத்து, ஒவ்வொன்றாக. இருபது நாள் ஒன்றுமே தெரியவில்லை. இருபத்தோராம் நாள் ஒரு குருத்து. அப்புறம் இன்னொன்று. முப்பது கரணையில் எட்டுதான் முளைத்தது. அந்த எட்டு போதும் என்று வரப்பில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். இதற்கிடையில் அனுமதியில்லாமல் ஆபீசுக்குள் புகுந்து மேஜையை அசுத்தப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது. சூப்பிரண்டு அதை என்னிடம் காட்டிவிட்டு மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். விளக்கம் எழுது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பத்து மாதம் கழிந்தது. எட்டுக் குத்தும் தூர் கட்டி, ஆள் உயரம் தாண்டி, காற்றில் சரசரவென்று பேசிக்கொண்டு நின்றது. சுற்றிலும் நாட்டுக் கரும்பை நோய் தின்றது, இதைத் தொடவில்லை. மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூடுகிற பேச்சு நின்றுபோயிற்று. நல்ல கரும்புகளாகத் தேர்ந்து வெட்டி, கரணை போட்டு, ஐந்து சென்ட் நிலத்தில் நடுவதற்கு மண் அணைத்துப் பார் பிடித்துத் தயாராக வைத்திருந்தோம். நடவுக்கு முந்தின நாள் காலையில் பூச்சி ஆபீஸ் மூலமாக அந்த உத்தரவு வந்து சேர்ந்தது.

சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். ஜாவாவிலிருந்து வந்த முப்பது கரணைகளையும் உடனடியாக எரித்து அறிக்கை அனுப்பவும். மண்ணின் மூலத்தைப் பற்றி ஒரு கீழ்நிலைச் சிப்பந்தியின் வாய்மொழியைத் தவிர நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை.

அவர் காகிதத்தைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெட்டி அடுக்கின கரணைக்கு என் மனைவியும் மற்றப் பெண்களும் வண்டல் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"உன் பேரை முழுசா சொல்லு. அப்பா பேரோட" என்றார். ஆறு வருஷமாக அவருக்கு நான் 'ஏம்பா'தான். சொன்னேன். இங்கிலீஷில் பதில் எழுதி முடித்து, தமிழில் எனக்கு அர்த்தம் சொன்னார்.

முப்பது கரணையில் எட்டு முளைத்து, இப்போது பல நூறு கரணைகளாகியிருக்கின்றன. எவற்றை எரிப்பது என்று அடையாளம் காட்ட அதிகாரி ஒருவரை அனுப்பினால் தேவலை. மண் சேக்காட்டு ஏரி மண். அதைத் தோண்டியவர் இந்தப் பண்ணையின் பீல்ட்மேன், இன்னாருடைய மகன் இன்னார். அவர் சொல்கிறார். அதற்கு மேல் ஆதாரம் எதுவும் வேண்டியதில்லை.

கையெழுத்துப் போடுமுன் அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஆனாலும் போட்டார். தபாலில் வேண்டாம், நானே நேரில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

குமாஸ்தா அதே மேஜையில் இருந்தார். கடிதத்தை வைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடத் தபால் புத்தகத்தைப் பிரித்து நீட்டினேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

"நாளைக்கு வா."

"நாளைக்கு வர மாட்டேன் சார். நாளைக்குக் கரும்பு நடுறோம்" என்றேன். "இப்பவே போடுங்க."

அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே மேஜைமேல் பேனாவைத் தேடினார். கைக்கு அகப்படவில்லை. நான் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தேன்.